குண்டில்லாத துப்பாக்கி கற்றுத் தரும் பாடம்

மாணவர்களே! உங்கள் பெட்டியில் இருக்கும் அளவுகோலை எடுத்துப் பாருங்கள். அதில் மிகச் சிறிய இரண்டு கோடுகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளி ஒரு மில்லிமீட்டர். அந்த ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத ஒரு தூரம், ஒலிம்பிக் பதக்கத்தின் நிறத்தையே மாற்றியிருக்கிறது என்றால் நம்புவீர்களா?

2024 ஜூலை 28. பாரிஸ் ஒலிம்பிக்கின் துப்பாக்கி சுடும் போட்டிகள் பிரான்சில் ஷாத்தோரூ என்ற ஊரில் நடந்துகொண்டிருந்தன. அன்று பெண்களுக்கான 10 மீட்டர் ஏர் பிஸ்டல் இறுதிச் சுற்று. இந்தியாவின் மனு பாக்கர் 22 முறை சுட்டு முடித்தபோது அவருடைய மொத்தப் புள்ளிகள் 221.7. கொரியாவின் கிம் யே-ஜி எடுத்திருந்தவை 221.8. வித்தியாசம் 0.1 புள்ளி. அந்த 0.1 புள்ளியால் மனு பாக்கர் அத்துடன் நிறுத்திக்கொள்ள வேண்டியதாயிற்று, வெண்கலம் பெற்றார். துப்பாக்கி சுடுதலில் ஒலிம்பிக் பதக்கம் பெற்ற முதல் இந்தியப் பெண் அவரே.

அந்த 0.1 புள்ளி எவ்வளவு தூரம்? கணக்கிட்டுப் பார்ப்போம். ஏர் பிஸ்டல் இலக்கு அட்டையில் ஒரு வளையக் கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் உள்ள இடைவெளி 8 மி.மீ. இறுதிச் சுற்றில் ஒவ்வொரு வளையத்தையும் பத்துப் பங்காகப் பிரித்துப் புள்ளி போடுகிறார்கள். எனவே 0.1 புள்ளி என்பது 0.8 மி.மீ. அந்த 22 குண்டுகளில் ஏதேனும் ஒரே ஒரு குண்டு நடுப்புள்ளியை நோக்கி 0.8 மி.மீ. நெருங்கியிருந்தால் இருவரும் சமநிலையில் நின்றிருப்பார்கள்!

இவ்வளவு நுட்பமான வேலைக்கு எப்படிப் பயிற்சி செய்வார்கள்? நாள் முழுவதும் சுட்டுக்கொண்டே இருப்பார்கள் என்று நினைப்பீர்கள். அதுதான் இல்லை. உலகின் சிறந்த பிஸ்டல் வீரர்கள் தங்கள் பயிற்சியில் பெரும் பகுதியைக் குண்டே போடாமல் செய்கிறார்கள். துப்பாக்கியைத் தூக்குவது, குறி பார்ப்பது, விசையை அழுத்துவது, 'டிக்' என்ற ஓசையைக் கேட்பது, இறக்குவது. மறுபடியும் தூக்குவது. இதற்கு 'டிரை ஃபயர்' என்று பெயர். நாம் 'வெற்றுச் சுடல்' என்று சொல்லிக்கொள்வோம்.

குண்டில்லாமல் சுட்டு என்ன கற்றுக்கொள்ள முடியும்? அதற்கு எந்தெந்தத் துணைக்கருவிகள் வேண்டும்? அவற்றை எப்படித் தேர்ந்தெடுப்பது? இந்தக் கேள்விகளுக்கு விடை தேடப் போனால் வடிவ கணிதம், இயற்பியல், உயிரியல் என்று உங்கள் பாடப் புத்தகங்கள் எல்லாம் துணைக்கு வருகின்றன.

நடுங்கும் கையும் சாயும் குழலும்

கையை நேரே நீட்டி விரல் நுனியைப் பாருங்கள். அது ஆடுகிறது. எவ்வளவு முயன்றாலும் அதை முற்றிலும் நிறுத்த முடியாது. நம் தசைகள் விநாடிக்குச் சுமார் 8 முதல் 12 முறை மெல்ல நடுங்கிக்கொண்டே இருக்கும். இது நோயன்று, எல்லாருக்கும் உள்ள இயல்பு. ஒலிம்பிக் வீரரின் கையும் நடுங்கத்தான் செய்கிறது.

அப்படியானால் எப்படி நடுவில் சுடுகிறார்கள்? இங்கே வடிவொத்த முக்கோணங்களை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். பிஸ்டலின் மேல் இரண்டு குறிகள் உள்ளன. பின்னால் ஒரு பள்ளம். முன்னால் ஒரு சிறு கட்டை. பள்ளத்தின் நடுவில் கட்டையை நிறுத்திப் பார்ப்பதுதான் குறி பார்த்தல். இரண்டுக்கும் இடையே உள்ள தூரம் ஏறத்தாழ 30 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம்.

முதலில், கை முழுவதும் திசை மாறாமல் இணையாக 1 மி.மீ. வலப்புறம் நகர்ந்தால் என்ன ஆகும்? குண்டும் 1 மி.மீ. வலப்புறம் படும். அவ்வளவுதான். ஆனால் கை நகராமல், குழலின் முன்முனை மட்டும் 1 மி.மீ. சாய்ந்தால்? 300 மி.மீ.க்கு 1 மி.மீ. என்றால் 10,000 மி.மீ.க்கு எவ்வளவு? 33 மி.மீ.! கருவட்டத்தைத் தாண்டி வெளியே போய்விடும். கிடைக்கும் புள்ளி வெறும் 6.

ஆக, கை சற்று மிதப்பது பெரிய குற்றமில்லை. குழல் சாய்வதுதான் குற்றம். குழலைச் சாய்ப்பது எது? பெரும்பாலும் விசையை அழுத்தும் விரல்தான். ஏர் பிஸ்டலின் விசை குறைந்தது 500 கிராம் எடையைத் தாங்க வேண்டும் என்பது போட்டி விதி. அதாவது அரைக் கிலோ அளவுக்கு விரலால் அழுத்த வேண்டும். அப்படி அழுத்தும்போது குழல் ஒரு தலைமுடியின் கனம்கூடச் சாயக்கூடாது. மேசைமேல் உள்ளங்கையை வைத்து மோதிர விரலை மட்டும் மடக்கிப் பாருங்கள். பக்கத்து விரல்களும் கூடவே அசைகின்றன அல்லவா? அவற்றின் தசைகளும் தசைநாண்களும் ஒன்றோடொன்று தொடர்புள்ளவை. சுட்டு விரல் மட்டும் நகர, மற்ற விரல்கள் பிடித்த பிடியிலேயே நிற்க வேண்டும். இது தானாக வருவதில்லை, பழக்க வேண்டும்.

சத்தம் தவற்றை மறைக்கிறது

பழக்கத்துக்குக் குண்டு போட்டே சுடலாமே என்று கேட்பீர்கள். வெடித் தோட்டா போட்ட பிஸ்டலில் சுட்டால் என்ன நடக்கிறது என்று பாருங்கள்.

விசை விடுபட்ட நொடியில் உள்ளே ஒரு ஊசி முன்னே பாய்ந்து தோட்டாவின் அடியில் மோதுகிறது. மருந்து பற்றுகிறது. குண்டு குழலை விட்டுப் பறக்கிறது. இத்தனையும் ஒரு விநாடியின் நூறில் ஒரு பங்குக்குள் முடிந்துவிடும். கண்ணால் ஒன்றைப் பார்த்து விரலை அசைக்க நமக்கு ஏறத்தாழ 200 மில்லி விநாடி வேண்டும். திடுக்கிட்டுக் கண்ணை இமைப்பதற்கே 30 முதல் 50 மில்லி விநாடி ஆகிறது. ஆகவே சத்தத்தைக் கேட்ட பிறகு நாம் எவ்வளவு திடுக்கிட்டாலும் குண்டு கெட்டுப் போகாது. அது முன்பே போய்விட்டது.

அப்படியிருந்தும் புதிதாகச் சுடுபவர்களின் குண்டுகள் கீழே கீழே போய்ப் படுகின்றன. ஏன்? அவர்கள் திடுக்கிடுவது சத்தத்துக்குப் பிறகல்ல, முன்பே! வெடிக்கப் போகிறது என்று உடம்பு எதிர்பார்த்து, விசை விடுபடும் முன்னரே தோள் இறுகுகிறது, மணிக்கட்டு கீழே தள்ளுகிறது, கண் மூடுகிறது. அடுத்த கணமே வெடிச் சத்தமும் பின்னுதைப்பும் வந்து எல்லாவற்றையும் மூடிவிடுகின்றன. 'துப்பாக்கிதான் ஆடியது' என்று சுட்டவர் நினைத்துக்கொள்கிறார். ஆட்டியது தாம்தான் என்று அவருக்குத் தெரிவதே இல்லை.

பாவ்லோவின் நாய்

ரஷ்ய அறிவியலாளர் இவான் பாவ்லோவைப் பற்றிப் படித்திருப்பீர்கள். செரிமானம் பற்றிய ஆய்வுகளுக்காக 1904-இல் நோபல் பரிசு பெற்றவர். உணவு தரும் முன் ஓர் ஒலியை எழுப்பிக்கொண்டே இருந்தால், சில நாளில் அந்த ஒலியைக் கேட்டதுமே நாய்க்கு எச்சில் ஊறுகிறது என்று காட்டினார். இதைத்தான் நிபந்தனைக்குட்பட்ட அனிச்சைச் செயல் என்கிறோம்.

துப்பாக்கி சுடுபவருக்கும் இதுவே நேர்கிறது. விசை மெல்லப் பின்னே நகரும் உணர்வுதான் அந்த ஒலி. வெடிச் சத்தமும் உதைப்பும்தான் உணவு. திடுக்கிடுதல்தான் எச்சில். நூறு முறை சுட்டால், நூறு முறையும் உடம்பு இந்தத் தொடர்பைக் கற்றுக்கொண்டே வருகிறது. எவ்வளவு அதிகம் சுடுகிறாரோ அவ்வளவு நன்றாகத் தவற்றைக் கற்றுக்கொள்கிறார்!

இதற்கு மாற்று என்ன? அதையும் பாவ்லோவே காட்டினார். ஒலியை எழுப்பிவிட்டு உணவே தராமல் இருந்தால், எச்சில் ஊறுவது வரவரக் குறைந்து நின்றுவிடும். வெற்றுச் சுடலின் தத்துவம் இதுதான். விசை நகர்கிறது, வெடி வருவதில்லை. மறுபடியும் நகர்கிறது, மறுபடியும் 'டிக்' மட்டுமே. உடம்பு எதிர்பார்ப்பதை மெல்ல மெல்ல விட்டுவிடுகிறது.

இன்னொன்றையும் பாவ்லோவ் கண்டார். அப்படி அடங்கிய பழக்கம், சில நாள் ஓய்வுக்குப் பிறகு திடீரென்று தலைகாட்டும். ஆகவே மாதம் ஒரு நாள் மூன்று மணி நேரம் பயிற்சி செய்வதைவிட, நாள்தோறும் கால் மணி நேரம் செய்வதே நல்லது. தேர்வுக்குப் படிப்பவர்களுக்கும் இது பொருந்துமே!

நேர்மையான சாட்சி

பயிற்சிக்கூடங்களில் ஓர் எளிய சோதனை உண்டு. பயிற்சியாளர் தோட்டாக்களை நிரப்பித் தருவார். அவற்றுள் ஒன்றிரண்டு வெடிக்காத போலித் தோட்டாக்கள். எது எங்கே இருக்கிறது என்று சுடுபவருக்குத் தெரியாது. அவர் சுட்டுக்கொண்டே வருகிறார். திடீரென்று ஒரு முறை 'டிக்' என்ற ஓசை மட்டும் வருகிறது. அப்போது பாருங்கள்! வெடி இல்லை, உதைப்பு இல்லை. ஆனால் குழல் மட்டும் குபுக்கென்று கீழே குனிகிறது. மறைக்க ஏதுமில்லை. கூட நிற்பவர்களும் பார்த்துவிடுகிறார்கள், சுட்டவரும் பார்த்துவிடுகிறார். நம் பிழையை நாமே கண்ணால் காண்பதைவிட நல்ல பாடம் வேறு உண்டா?

தோட்டாவுக்குள் என்ன இருக்கிறது?

இனி அந்தப் போலித் தோட்டாவைப் பார்ப்போம். அசல் தோட்டாவில் நான்கு பகுதிகள் உண்டு: பித்தளைக் கூடு, அதனுள் மருந்து, வாயில் ஈயக் குண்டு, மருந்தைப் பற்றவைக்கும் கலவை. நான்காவதான இந்தக் கலவை எங்கே இருக்கிறது என்பதைக் கொண்டு தோட்டாக்கள் இரண்டு வகைப்படும்.

ஒன்று, நடு அடி வகை. கூட்டின் அடியில் நட்ட நடுவே பிரைமர் என்னும் சிறு கிண்ணம் பதித்திருக்கும். ஊசி அதன் நடுவில் அடிக்கும். மற்றொன்று, விளிம்பு அடி வகை. 25 மீட்டர் ஒலிம்பிக் பிஸ்டல்களில் போடும் .22 தோட்டா இந்த வகை. என்.சி.சி. மாணவர்கள் ரைஃபிளில் இதைப் பார்த்திருப்பார்கள். இதில் தனிக் கிண்ணம் கிடையாது. பற்றவைக்கும் கலவை கூட்டின் விளிம்புக்குள்ளேயே சுற்றிலும் பரவியிருக்கும். ஊசி விளிம்பில் அடிக்கும்.

இப்போது தோட்டாவே இல்லாமல் விசையை அழுத்தினால் ஊசி எங்கே போய் மோதும்? நடு அடித் துப்பாக்கியில், வழக்கமாக அதைத் தாங்கும் பிரைமர் இல்லாததால், ஊசி தன் பாதையின் கடைசி வரை போய் உலோகத்தில் மோதி நிற்கும். விளிம்பு அடித் துப்பாக்கியிலோ, சில அமைப்புகளில், விளிம்பு இருக்க வேண்டிய இடத்தில் தோட்டா அறையின் ஓரத்திலேயே போய் அடிக்கும். கொல்லன் பட்டறையில் இரும்பின்மேல் சம்மட்டி விழுவதுபோல, நாளுக்கு நூறு அடி விழுந்தால் அந்த ஓரம் நசுங்கும். ஊசி முனையும் உடையலாம். நசுங்கிய அறையில் பிறகு அசல் தோட்டா சரியாக உட்காராது.

கிரிக்கெட்டில் வேகமாக வரும் பந்தைப் பிடிக்கும்போது கையைப் பின்னால் இழுத்துக்கொள்கிறோமே, ஏன்? பந்து நிற்க எடுத்துக்கொள்ளும் நேரம் கூடினால் கையில் படும் விசை குறைகிறது. இதே தத்துவத்தைத்தான் 'ஸ்நாப் கேப்' என்னும் போலித் தோட்டாவில் பயன்படுத்துகிறார்கள். நடு அடி வகை ஸ்நாப் கேப்பில், பிரைமர் இருக்க வேண்டிய இடத்தில் சுருள்வில்லின்மேல் நிற்கும் ஒரு சிறு பொத்தானோ, மீள்தன்மையுள்ள ரப்பர் போன்ற பொருளோ இருக்கும். ஊசி அதில் பட்டுச் சற்றே அமுங்கி நிற்கிறது. அடி மெத்தையில் விழுந்ததுபோல் ஆகிறது.

காற்றுத் துப்பாக்கியிலும் இதுபோன்ற ஒரு சிக்கல் உண்டு. சுருள்வில் தள்ளும் பிஸ்டன் வகையில், குழலில் உள்ள குண்டு காற்றைச் சற்றுத் தடுத்து நிறுத்தும். அந்தத் தடுத்த காற்றே பிஸ்டனுக்கு மெத்தை. குண்டில்லாமல் சுட்டால் பிஸ்டன் தடார் என்று முன்சுவரில் மோதும். ஆகையால் அவ்வகைத் துப்பாக்கியை வெற்றாகச் சுடக் கூடாது. ஒலிம்பிக் ஏர் பிஸ்டல்கள் வேறு வகை. உருளையில் அடைத்த காற்றால் இயங்குபவை. அவற்றில் வெற்றுச் சுடலுக்கென்றே தனி அமைப்பு வைத்திருக்கிறார்கள். அதைத் திருப்பிவிட்டால் காற்று வெளியேறாது. விசை மட்டும் வழக்கம்போல் 'டிக்' என்று விடுபடும்.

தேர்ந்தெடுக்க ஐந்து கேள்விகள்

போலித் தோட்டா வாங்கும் பயிற்சியாளர் தமக்குத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள் ஐந்து.

முதல் கேள்வி: இந்தத் துப்பாக்கிக்கு இது தேவையா? துப்பாக்கியுடன் வரும் கையேட்டை முதலில் படிக்க வேண்டும். சிலவற்றை எதுவும் போடாமலே வெற்றாகச் சுடலாம். ஊசி ஓரத்தைத் தொடாதபடி தடுப்பு வைத்திருப்பார்கள். சிலவற்றில் கூடவே கூடாது.

இரண்டாவது: எந்த வேலைக்கு? ஏற்றி இறக்கிப் பழகுவதற்கான போலித் தோட்டா வேறு. ஊசியின் அடியைத் தாங்குவதற்கான ஸ்நாப் கேப் வேறு. .22 அளவில் இந்த வேறுபாடு மிகவும் முக்கியம். அந்தச் சிறு விளிம்பில் சுருள்வில் வைக்க இடமேது? அதனால் அடி பட்ட இடம் குழிந்துகொண்டே வரும். தோட்டாவைச் சற்றுத் திருப்பிப் போட்டுப் புது இடம் காட்டலாம். சுற்றிலும் குழிந்த பின் அதைத் தூக்கி எறிய வேண்டியதுதான்.

மூன்றாவது: அளவு சரியா? அசல் தோட்டாவின் நீளமும் விட்டமும் அப்படியே இருக்க வேண்டும். சற்றுக் கூடினால் அறையில் சிக்கும்.

நான்காவது: எதனால் செய்தது? ஈயத்தின் அடர்த்தி ஒரு கன செ.மீ.க்கு 11.3 கிராம், அலுமினியத்துக்கு 2.7 கிராம்தான். ஆகவே 9 மி.மீ. அசல் தோட்டா சுமார் 12 கிராம் இருந்தால், அதே அளவு அலுமினியத் தோட்டா அதில் பாதிகூட இராது. இதனால் குறி மாறுமா? 25 மீட்டர் போட்டியில் ஒரு முறைக்கு 5 தோட்டாக்கள். .22 தோட்டா ஒன்று சுமார் 3 கிராம். ஆக மொத்தம் 15 கிராம். துப்பாக்கியோ ஒரு கிலோவுக்கும் மேல். எனவே எடையைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். ஆனால் உறுதியைப் பற்றிக் கவலைப்பட வேண்டும். பிளாஸ்டிக் மலிவானது, அதன் விளிம்பு அடிக்கடி ஏற்றி இறக்கும்போது தேய்ந்து பிய்ந்துவிடும். அலுமினியம் நெடுநாள் உழைக்கும்.

ஐந்தாவதுதான் எல்லாவற்றிலும் பெரிய கேள்வி: பார்த்த உடனே இது போலி என்று தெரிகிறதா? நல்ல பயிற்சித் தோட்டாவைச் செம்மஞ்சள், சிவப்பு, நீலம் என்று அசலில் இல்லாத நிறத்தில் செய்கிறார்கள். இராணுவங்கள் ஒரு படி மேலே போய், கூட்டில் நீளவாக்கில் பள்ளங்கள் போட்டோ துளையிட்டோ வைக்கின்றன. இருட்டிலும் விரலால் தடவியே கண்டுகொள்ளலாம். இந்த ஐந்தாம் கேள்வியை மறந்தால் என்ன ஆகும் என்பதைச் சற்றுப் பின்னால் சொல்கிறேன்.

வேறு துணைக்கருவிகள்

எல்லாவற்றிலும் மலிவான கருவி ஒரு நாணயம். குழலின்மேல் அதைத் தட்டையாக வைத்து விசையை அழுத்த வேண்டும். நாணயம் விழாவிட்டால் விரல் ஒழுங்காக நகர்ந்தது என்று பொருள்.

அதற்கும் செலவில்லாதது வெள்ளைச் சுவர். இலக்கே இல்லாத வெறும் சுவரைப் பார்த்துக் குறி வைப்பது. இலக்கு இருந்தால் கண் அங்கே ஓடும். 'இதோ நடு வந்துவிட்டது' என்று விரல் அவசரப்படும். சுவரில் நடுவும் இல்லை ஓரமும் இல்லை. கண் முன்குறியின் மேலேயே நிற்கப் பழகும்.

லேசர் தோட்டா என்று ஒன்று உண்டு. ஊசி அடித்ததும் உள்ளே ஒரு பொத்தான் அழுந்தி, குழல் வழியே ஓர் ஒளிப்புள்ளி ஒரு கணம் மின்னும். எங்கே சுட்டோம் என்று காட்டும். ஆனால் அடித்த கணத்தை மட்டும்தான் காட்டும். அதற்கு முன் கை என்ன செய்தது என்று சொல்லாது. லேசர் ஒளியை யார் கண்ணிலும் படவிடக் கூடாது என்பதையும் மறக்கக் கூடாது.

அந்தக் குறையைத் தீர்ப்பவை மின்னணுக் கருவிகள். ரஷ்யாவின் ஸ்காட், ஃபின்லாந்தின் நோப்டெல் ஆகியவை பெயர் பெற்றவை. குழலோடு பொருத்திய சிறு உணர்கருவி, இலக்கின்மேல் குழல் ஊர்ந்த வழியைக் கணினித் திரையில் கோடாக வரைந்து காட்டுகிறது. கடைசி ஒரு விநாடியில் கோடு எப்படிப் போயிற்று, 'டிக்' ஓசை வந்தபோது எந்தப் பக்கம் இழுத்தது என்று எல்லாம் தெரியும். மருத்துவருக்கு இதயத் துடிப்புப் படம் எப்படியோ, பயிற்சியாளருக்கு இந்தக் கோடு அப்படி.

ஓர் ஒலிம்பிக் விளையாட்டே குண்டை விட்டுவிட்டது தெரியுமா? ஓட்டம், நீச்சல், வாள்வீச்சு ஆகியவற்றோடு துப்பாக்கி சுடுதலையும் சேர்த்த நவீன ஐவகைப் போட்டியில், 2012 லண்டன் ஒலிம்பிக்கிலிருந்து லேசர் பிஸ்டல்தான்.

வெறுமை உறுதியாக வேண்டும்

இப்போது அந்த ஐந்தாம் கேள்விக்கு வருவோம்.

1993 மார்ச் 31. அமெரிக்காவில் வட கரோலினா மாநிலத்தின் வில்மிங்டன் நகரில் ஒரு திரைப்படப் படப்பிடிப்பு. சில நாள் முன்பு ஒரு காட்சிக்காக, அசல் தோட்டாக்களிலிருந்து மருந்தைக் கொட்டிவிட்டுப் போலித் தோட்டா செய்திருந்தார்கள். மருந்து போயிற்று, ஆனால் அடியில் பிரைமர் அப்படியே இருந்துவிட்டது. யாரோ விசையை அழுத்தியபோது அந்தச் சிறு பிரைமரின் உந்துதலே ஈயக் குண்டைக் கூட்டிலிருந்து கழற்றிக் குழலுக்குள் தள்ளிவிட்டது. அது அங்கேயே தங்கியதை யாரும் பார்க்கவில்லை. பிறகு அதே துப்பாக்கியில், குண்டில்லாமல் மருந்து மட்டும் உள்ள ஓசைத் தோட்டாவைப் போட்டுச் சுட்டார்கள். தங்கியிருந்த குண்டு பாய்ந்தது. புரூஸ் லீயின் மகன், நடிகர் பிரண்டன் லீ இறந்தார். அவருக்கு வயது 28.

2021 அக்டோபர் 21. நியூ மெக்சிகோ மாநிலத்தில் மற்றொரு படப்பிடிப்பு. திரையில் அசல்போலத் தோன்ற வேண்டும் என்பதால், திரைப்படத்துக்கான போலித் தோட்டாக்கள் அச்சு அசலாக இருக்கும். உள்ளே போட்ட சிறு உலோக மணி, குலுக்கினால் கலகலக்கும்; அல்லது பக்கத்தில் ஒரு துளை இருக்கும். அதுதான் அடையாளம். அந்தப் போலிகளோடு ஓர் அசல் தோட்டா கலந்துவிட்டது. குலுக்கிப் பார்க்க வேண்டியவர்கள் சரியாகப் பார்க்கவில்லை. ஒளிப்பதிவாளர் ஹலினா ஹட்சின்ஸ் உயிரிழந்தார்.

இரண்டு இடத்திலும் எல்லாரும் 'இது வெறும் துப்பாக்கி' என்று நம்பினார்கள். நம்புவது வேறு, அறிவது வேறு. அறிவியலின் முதல் பாடமே அதுதானே? ஆகவேதான் வெற்றுச் சுடல் செய்யும் வீரர்கள் கண்டிப்பான சில விதிகளைக் கடைப்பிடிக்கிறார்கள். பயிற்சி செய்யும் அறையில் அசல் தோட்டா ஒன்றுகூட இருக்கக் கூடாது; அது வேறு அறையில், பூட்டிய பெட்டியில். தோட்டா அறை காலி என்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும். விரலாலும் தொட்டுப் பார்க்க வேண்டும். ஒரு முறை அல்ல, இரண்டு முறை. போலித் தோட்டாவைப் போடும்போது ஒவ்வொன்றையும் தனித்தனியே பார்த்துப் போட வேண்டும். காலி என்று தெரிந்த பிறகும், குண்டு இருப்பதாகவே எண்ணி, யாரும் இல்லாத, குண்டைத் தாங்கக் கூடிய திசையில் மட்டுமே நீட்ட வேண்டும். பயிற்சி முடிந்ததும் 'முடிந்தது' என்று வாய்விட்டுச் சொல்லித் துப்பாக்கியைப் பூட்டி வைக்க வேண்டும். 'இன்னும் ஒரே ஒரு முறை' என்பதே ஆபத்தான ஆசை.

நம் நாட்டில் துப்பாக்கிகள் 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்துக்கு உட்பட்டவை. உங்களில் யாருக்கேனும் இந்த விளையாட்டில் ஆர்வம் இருந்தால், சுடுபயிற்சிச் சங்கத்திலோ என்.சி.சி.யிலோ, பயிற்சியாளர் அருகில் நிற்க மட்டுமே துப்பாக்கியைத் தொட வேண்டும்.

நீங்களே செய்து பாருங்கள்

துப்பாக்கி இல்லாமலே இந்தப் பாடத்தின் சாரத்தைக் கற்கலாம். 30 செ.மீ. அளவுகோலின் ஒரு முனையைக் கட்டை விரலுக்கும் மற்ற விரல்களுக்கும் இடையே, படுக்கைவசமாகப் பிடித்துக்கொள்ளுங்கள். சுட்டு விரல் மட்டும் விலகி இருக்கட்டும். மறுமுனையில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துக் கையை நேராக நீட்டுங்கள். இப்போது சுட்டு விரலை மட்டும் மெதுவாக மடக்கி நிமிர்த்துங்கள். நாணயம் வழுக்குகிறதா? பத்து முறை செய்து, எத்தனை முறை விழுந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு நண்பரைப் பின்னால் நிற்க வைத்து, நீங்கள் விரலை மடக்கும்போதெல்லாம் பலமாகக் கை தட்டச் சொல்லுங்கள். இருபது முறைக்குப் பின், அவரைச் சில முறை தட்டாமல் இருக்கச் சொல்லுங்கள். எப்போது தட்டமாட்டார் என்று உங்களுக்குத் தெரியக் கூடாது. தட்டாதபோதும் அளவுகோல் துள்ளுகிறதா? அப்படியானால் பாவ்லோவின் பாடம் உங்கள் கைக்குள் புகுந்துவிட்டது!

ஒரு கணக்கும் தருகிறேன். 25 மீட்டர் பிஸ்டலில் இரண்டு குறிகளுக்கும் இடையே அதிக அளவு 22 செ.மீ. தான் இருக்கலாம். முன்குறி 1 மி.மீ. சாய்ந்தால் குண்டு நடுவிலிருந்து எவ்வளவு விலகும்? அந்த இலக்கில் 10-ஆம் வளையத்தின் ஆரம் 25 மி.மீ.; அதன்பின் ஒவ்வொரு வளையத்துக்கும் 25 மி.மீ. கூடும். எத்தனை புள்ளி கிடைக்கும்? செய்து பாருங்கள். 10 மீட்டரில் வந்த அதே விடைதான் வரும்.

அடுத்த முறை தொலைக்காட்சியில் ஒரு வீராங்கனை கையை நீட்டி அசையாமல் நிற்பதைப் பார்க்கும்போது, அவர் சுடும் அந்த ஒரு குண்டை மட்டும் பார்க்காதீர்கள். அதற்குப் பின்னால், யாரும் பார்க்காத அறையில், வெள்ளைச் சுவரின் முன்னே, காலி என்று இரண்டு முறை சரிபார்த்த துப்பாக்கியோடு அவர் கேட்ட ஆயிரமாயிரம் 'டிக்' ஓசைகள் இருக்கின்றன.